மரக்கப்பல்கள் வளைகுடாவை விட்டுப் போகின்றன: கொழும்புத் துறைமுக வாயிலை யார் பார்ப்பது?

2025 ஜூன் மாதம், இஸ்ரேல் ஈரானைத் தாக்கத் தொடங்கியிருந்த நாட்களில், கொட்டாஞ்சேனையில் நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து கேட்டான். "சேர், தரையில எண்டா மண்ணத் தோண்டிக் கண்ணிவெடி புதைக்கிறாங்க. கடல்ல எப்படிப் புதைக்கிற?" அவனுடைய வாப்பா குவைத்தில் சாரதி. ஹோர்மூஸ் நீரிணையில் ஈரான் கண்ணி போட்டுக் கடலை மூடிவிடும் என்று முதல் நாள் இரவு வீட்டில் பேசிக்கொண்டார்களாம். பாடம் அன்று காந்தவியல் என்பது தற்செயல்தான். ஆனால் அதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்கு இருபது வருடத்தில் வந்ததில்லை.

ஜூன் 22ஆம் திகதி ஈரானியப் பாராளுமன்றம் நீரிணையை மூடுவதற்கு ஆதரவாகத் தீர்மானித்தது. இறுதி முடிவு உயர் தேசிய பாதுகாப்பு சபையின் கையில் இருந்தது, நீரிணை மூடப்படவில்லை. ஜூலையில் ரொய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியில், அந்த நாட்களில் ஈரான் தன் படகுகளில் கடற்கண்ணிகளை ஏற்றி வைத்திருந்ததாக அமெரிக்க அதிகாரிகள் சொன்னதாக இருந்தது. அமெரிக்காவோ, பதிலடிக்குப் பயந்து, பஹ்ரைனில் நிறுத்தியிருந்த தன் கண்ணி தேடும் கப்பல்களை அங்கிருந்து அகற்றியிருந்தது. கண்ணி போடக்கூடும் என்ற அச்சம் உச்சத்தில் இருந்த நேரத்தில், கண்ணியைத் தேட வேண்டிய கப்பல்கள் அந்த இடத்தில் இல்லை.

செப்டம்பர் இறுதியில் அடுத்த செய்தி வந்தது. பஹ்ரைனில் இருந்த அவெஞ்சர் வகைக் கப்பல்கள் நான்கில் கடைசியான டெவஸ்டேட்டர் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. எமது பத்திரிகைகள் எதிலும் நான் இதைப் பார்க்கவில்லை. போர்விமானம் வாங்கினால் தலைப்புச் செய்தி. பழைய மரக்கப்பல் ஓய்வு பெற்றால் யாருக்கு அக்கறை?

மரக்கப்பல் என்று நான் சும்மா சொல்லவில்லை. 68 மீற்றர் நீளம், சுமார் 1,300 தொன் நிறை கொண்ட இந்தப் போர்க்கப்பலின் உடல் உண்மையாகவே மரத்தால் ஆனது. ஓக் மரச் சட்டங்கள், அதன்மேல் பலகை அடுக்குகள், வெளியே கண்ணாடியிழைப் பூச்சு. 1980களில், அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் கட்டிய அதே நாடு, எமது பேருவளை ஓடாவியார் பார்த்தால் மகிழக்கூடிய இந்த வேலையையும் செய்தது. காரணம், அந்த மாணவனுக்கு நான் கரும்பலகையில் காட்டியதுதான். திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆணியைக் கொண்டுபோனால் முள் அசையும். ஆயிரக்கணக்கான தொன் உருக்கில் செய்த கப்பல், பூமியின் காந்தப் புலத்துக்குள் நகரும் ஒரு இராட்சத ஆணி. கடலடியில் கிடக்கும் கண்ணிக்குள் இருக்கும் உணரி அந்த அசைவைப் பிடித்துக்கொள்கிறது. கப்பல் கண்ணியைத் தொடவே தேவையில்லை.

காந்தம் மட்டுமல்ல. சுழலியின் சத்தத்தைக் கேட்கும் கண்ணி உண்டு. கப்பல் மேலே கடக்கும்போது தண்ணீரின் அழுத்தம் சற்றே குறைவதை உணரும் கண்ணி உண்டு. எண்ணத் தெரிந்த கண்ணியும் உண்டு. முதல் நான்கு கப்பல்களைப் போகவிட்டு ஐந்தாவதற்கு வெடிக்கும்படி அதை அமைத்து வைக்கலாம். மாணவனின் கேள்விக்கு நேரடிப் பதில்: கடலில் புதைப்பதில்லை, போட்டுவிட்டுப் போவதுதான். ஒன்று, நங்கூரப் பாரத்தில் கம்பியால் கட்டிய மிதவையாக நீருக்குள் நிற்கும். மற்றது அடியில் போய்ப் படுத்துவிடும். பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் 50 மீற்றருக்கும் குறைவு என்பதால் இரண்டுக்கும் அது தோதான இடம்.

இதை அகற்றும் கப்பல்கள் இரு வகை. பழைய வகை கண்ணி வாரி. பின்னால் வெட்டுக்கருவி பூட்டிய வடத்தை இழுத்துக்கொண்டு போகும். கம்பி அறுந்து கண்ணி மேலே மிதந்தால் சுட்டு அழிக்கும். அடியில் கிடப்பதற்கு மின்வடமும் சத்தக் கருவியும் இழுத்து, பெரிய கப்பல் வருவதுபோல் ஏமாற்றி வெடிக்க வைக்கும். எண்ணத் தெரிந்த கண்ணி இந்த ஏமாற்று வேலைக்கு அகப்படாது. ஆகவே வந்தது இரண்டாவது வகை, கண்ணி தேடி. இது வாருவதில்லை, ஒவ்வொன்றாகத் தேடுகிறது. மனிதன் நடக்கும், மிஞ்சினால் ஓடும் வேகத்தில் ஊர்ந்து, சோனாரால் கடலடியைப் பார்க்கும். ஏதாவது தெரிந்தால் நிற்கும். அது பாறையா, பழைய டயரா, யாரோ வீசிய குளிர்சாதனப் பெட்டியா, கண்ணியா? கமெரா பூட்டிய ஒரு சிறு நீரடி வாகனத்தை வடத்தோடு இறக்கிப் பார்க்கும். கண்ணிதான் என்றால் பக்கத்தில் ஒரு வெடிபொருளை வைத்துவிட்டு விலகிப் போய் வெடிக்க வைக்கும். பிறகு அடுத்தது. ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் வரைபடத்தில் ஒரு விரல்கடை அளவு இடம்தான் சுத்தமாகும்.

இதைச் செய்ய அந்தக் கப்பல் தானே காந்தமற்றதாக, சத்தமற்றதாக இருக்க வேண்டும். அதனால்தான் மர உடல், காந்தத்தன்மை குறைந்த உலோகத்தில் செய்த இயந்திரம், தேடும் நேரத்தில் மெதுவாக ஓட மின்மோட்டர். பிரித்தானியர் மரத்துக்குப் பதில் கண்ணாடியிழைக்குப் போனார்கள். அவர்களுடைய ஹன்ட் வகைக் கப்பல் 60 மீற்றர் நீளம். 1970களின் இறுதியில் வந்தபோது அவ்வளவு பெரிய கண்ணாடியிழைப் போர்க்கப்பல் உலகில் வேறு இருக்கவில்லை.

இவ்வளவு பாடும் எதற்கு எதிராக? 1988 ஏப்ரல் 14ஆம் திகதி வளைகுடாவில் சாமுவேல் பி. ரொபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு ஈரானியக் கண்ணியில் மோதியது. அந்தக் கண்ணியின் வடிவமைப்பு 1908ஆம் ஆண்டு ரஷ்யாவினுடையது. விலை சுமார் 1,500 டொலர் என்று மதிப்பிடப்பட்டது. கப்பலைத் திருத்த ஏறத்தாழ 9 கோடி டொலர் போனது. அதற்கு முந்திய வருடம் ஜூலையில் நடந்தது இன்னும் வெட்கக்கேடு. குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களைக் காக்க அமெரிக்கா நடத்திய முதல் வழித்துணைப் பயணத்திலேயே பிரிட்ஜ்டன் என்ற கப்பல் கண்ணியில் பட்டது. அந்தப் பெரிய எண்ணெய்க் கப்பல் தாங்கிக்கொண்டு தொடர்ந்து ஓடியது. காக்க வந்த போர்க்கப்பல்கள் அதற்குப் பின்னால் ஒதுங்கி வரிசையாக வந்தன. 1991இல் ஈராக் போட்ட கண்ணியில் மாட்டிய இரண்டு அமெரிக்கக் கப்பல்களில் ஒன்றான திரிப்போலி, கண்ணி அகற்றும் நடவடிக்கைக்கே தலைமைக் கப்பலாக இருந்தது.

எமது வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 1984இல் செங்கடலில் நடந்தது. ஹஜ் காலத்தை ஒட்டிய ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் சுயஸ் குடாவிலும் செங்கடலிலும் ஏறத்தாழ 19 கப்பல்கள் வெடிப்பில் சேதமடைந்தன. எகிப்திலிருந்து ஹாஜிகள் கப்பலில் போய்வந்த காலம் அது. பல நாட்டுக் கடற்படைகள் வந்து தேடின. பிரித்தானியர் கடலடியில் சோவியத் தயாரிப்பான ஒரு கண்ணியைக் கண்டெடுத்தார்கள். காட் என்ற லிபியக் கப்பல் மீது பரவலாகச் சந்தேகம் இருந்தது. யாரும் பொறுப்பேற்றுத் தண்டனை பெற்றதில்லை. கடற்கண்ணியின் குணமே அது. போட்டவன் போய்விடுவான், வெடிக்கும்போது அங்கே இருப்பவன் சம்பந்தமில்லாதவன்.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று மேற்கே பார்க்கட்டும். 1917 பெப்ரவரி நடுப்பகுதியில், வணிகக் கப்பல் வேடம் போட்ட வுல்ஃப் என்ற ஜெர்மன் கப்பல் இரவில் கொழும்புக்கு வெளியே கண்ணிகளைப் போட்டுவிட்டுப் போனது. பெப்ரவரி 17ஆம் திகதி வூஸ்டர்ஷயர் என்ற கப்பலும், 21ஆம் திகதி பெர்சியஸ் என்ற கப்பலும் எங்கள் கடலிலேயே மூழ்கின. வூஸ்டர்ஷயர் துறைமுகத்திலிருந்து சுமார் 10 மைல் தூரத்தில், 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் இன்றும் கிடக்கிறது. பயிற்சி பெற்ற சுழியோடிகள் இறங்கிப் பார்க்கிறார்கள். அதே வுல்ஃப் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கு வெளியே போட்ட கண்ணியில் ஒரு கப்பல் மூழ்கியபோது, அங்கே பலர் முதலில் சந்தேகித்தது உள்ளேயிருந்த யாரோ குண்டு வைத்ததாகத்தான். பிறகுதான் கடலில் கண்ணிகள் அகப்பட்டன. தெரியாத வெடிப்பு ஒன்று நடந்தால் விரல் முதலில் யார் பக்கம் நீளும் என்பது 2019க்குப் பிறகு எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விடயமல்ல.

இரண்டாம் உலகப் போரில் இலங்கையின் கடற்படைத் தொண்டர்கள் கொழும்புக்கு வெளியே கண்ணி வாரும் வேலையைச் செய்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எமது கடற்படைக்குக் கிடைத்த முதல் போர்க்கப்பலே ஒரு கண்ணி வாரிதான். பிரித்தானியாவின் ஃப்ளையிங் ஃபிஷ், 1949இல் விஜய என்ற பெயரோடு இங்கு வந்தது. 1950களின் இறுதியில் அதே வகையில் பராக்கிரம வந்தது. இன்று அந்த வேலைக்கென்று ஒரு கப்பலும் எமது கடற்படையிடம் இல்லை. போர்க் காலத்தில் அச்சுறுத்தல் வேறு வடிவில் வந்தது. 1995 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்தில் சூரய, ரணசுரு என்ற இரண்டு பீரங்கிப் படகுகளைக் கடற்புலிகளின் சுழியோடிகள் மூழ்கடித்தார்கள். அதற்கு எதிராகத் துறைமுகத் தண்ணீரில் சிறு வெடிகள் போடுவது வழமையாயிற்று. இரவில் "தும்" என்று அடிவயிற்றில் கேட்கும் அந்தச் சத்தம் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இடையில் இன்னொரு சம்பவம். 1991இல், வளைகுடாப் போர் முடிந்த கையோடு, ஜப்பான் தன் தற்காப்புப் படையை முதல் தடவையாக ஒரு வெளிநாட்டுப் பணிக்கு அனுப்பியது. போனவை நான்கு சிறிய மரக் கண்ணி வாரிகளும் இரண்டு துணைக் கப்பல்களும். ஏப்ரல் 26ஆம் திகதி புறப்பட்டு, வழியில் கொழும்பிலும் நின்று, ஒரு மாதம் கழித்து டுபாய் போய்ச் சேர்ந்தன. அகற்றியது 34 கண்ணிகள். அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அமெரிக்கரும் ஐரோப்பியரும் சுலபமானதை முடித்த பிறகு மிஞ்சியவை அவை. தன் எண்ணெய் வரும் பாதை தன் பொறுப்பும்தான் என்று ஜப்பான் அன்று சொன்னதாகவே நான் இதைப் பார்க்கிறேன். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எமது மக்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்த வருடம் அது. கொழும்பில் நின்ற அந்த மரக்கப்பல்கள் யார் கண்ணிலும் படாததில் வியப்பில்லை.

இப்போது அமெரிக்கர் என்ன செய்கிறார்கள்? மரக்கப்பலுக்குப் பதில், 2025 மே மாதம் பஹ்ரைனுக்கு வந்த கன்பரா போன்ற கரையோரப் போர்க்கப்பல்கள். அலுமினியத்தில் செய்த, மூன்று உடல் கொண்ட, 127 மீற்றர் நீளமான கப்பல் அது. அது கண்ணி இருக்கும் இடத்துக்குள் போகாது. வெளியே நின்றுகொண்டு ஆளில்லாப் படகையும் ஹெலிகொப்டரையும் உள்ளே அனுப்பும். இயந்திரம் போனால் போகட்டும், ஆள் பிழைக்கட்டும் என்பது நல்ல எண்ணம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழையது உண்மைக் கண்ணிகளோடு பழகிய கப்பல். புதியது 2025 வரை போரில் ஒரு கண்ணியையும் அகற்றியிருக்கவில்லை. கருங்கடலில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். உக்ரைன் போரில் அறுந்து மிதந்த கண்ணிகளால் தானியக் கப்பல்கள் தடுமாறியபோது, துருக்கி, ருமேனியா, பல்கேரியா மூன்றும் 2024 ஜனவரியில் இஸ்தான்புலில் ஒப்பந்தம் செய்து, ஜூலையில் கூட்டாக வேலையைத் தொடங்கின. பிரித்தானியா உக்ரைனுக்குக் கொடுத்த இரண்டு கண்ணி தேடிக் கப்பல்களை, போர் நடக்கும் காலம் என்று சொல்லி, மொன்ட்ரோ உடன்படிக்கையின் பேரில் துருக்கி தன் நீரிணைகளுக்குள் விடவில்லை. பெரிய வல்லரசு வரும் என்று காத்திராமல், அந்தக் கடலின் கரையில் இருப்பவர்கள் தங்களிடம் இருந்த கப்பல்களை வைத்துச் செய்தார்கள்.

எமது நிலை என்ன? 2024இல் உலகம் பாவித்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு அளவு ஹோர்மூஸைக் கடந்தது. சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் மசகு எண்ணெயில் பெரும்பகுதி வளைகுடாவினது. எமது தேயிலையும் அங்கே போகிறது. எங்கள் வீடுகளில் எத்தனையோ அடுப்பு எரிவது அங்கிருந்து வரும் பணத்தில். 2025 ஜூன் மாதம் ஒரு கண்ணியும் வெடிக்கவில்லை. ஆனாலும் வெறும் வதந்தியில் நாட்டின் சில பகுதிகளில் பெற்றோல் ஷெட்டில் வரிசை தொடங்கிவிட்டது. 2022இன் வடு அவ்வளவு ஆழம்.

கண்ணியின் உண்மையான பலம் வெடிப்பதில் இல்லை, "இருக்கலாம்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபோது துறைமுகத்தில் ஒரு கல்லும் அசையவில்லை. ஆனால் லண்டன் காப்புறுதிக்காரர்கள் இலங்கைக்கு வரும் கப்பல்களுக்குப் போர் அபாயக் கட்டணத்தை ஏற்றினார்கள். துறைமுகம் அதனால் அடிபட்டது. 2024இல் கொழும்பு 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகளைக் கையாண்டது. அதில் பெரும்பகுதி இங்கே இறங்கி வேறு நாட்டுக்கு ஏறுபவை. அந்தச் சரக்குக்குக் கொழும்பு கட்டாயமில்லை. துறைமுக வாயிலுக்கு வெளியே சந்தேகமான ஒரு பொருள் மிதந்தது என்று நாளை ஒரு மீனவர் சொன்னால், "பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை" என்று கப்பல் கம்பனிகள் நம்பும்படி சொல்ல எவ்வளவு நாள் எடுக்கும்? என் கேள்வி இவ்வளவுதான்.

நாங்களும் ஒரு கண்ணி தேடிக் கப்பல் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியாவின் நிலையைப் பாருங்கள். கடலூர், கோழிக்கோடு என்று ஊர்ப் பெயர் தாங்கிய சோவியத் காலக் கண்ணி வாரிகள் பன்னிரண்டு வைத்திருந்தார்கள். 2019இல் கடைசிக் கப்பலும் போனது. 12 புதிய கப்பல்களுக்காகத் தென்கொரியக் கம்பனியோடு நடந்த சுமார் 32,000 கோடி இந்திய ரூபாப் பேச்சு 2018இல் முறிந்தது. 2025 ஜூலையில்தான் மீண்டும் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது. அவர்களாலேயே முடியாததை, வங்குரோத்தாகி எழும்பிக்கொண்டிருக்கும் நாம் செய்ய முடியாது.

ஆனால் கப்பல் வேறு, வேலை வேறு. கண்ணி தேடுவதில் பாதி, அடியில் ஏற்கனவே என்ன கிடக்கிறது என்று தெரிந்திருப்பது. சென்ற மாதம் எடுத்த படத்தில் இல்லாத ஒன்று இந்த மாதப் படத்தில் இருந்தால் அதை மட்டும் போய்ப் பார்த்தால் போதும். பழைய படமே இல்லையென்றால் ஒவ்வொரு பாறையும் டயரும் சந்தேகப் பொருள். துறைமுகப் பாதையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பக்கவாட்டு சோனாரால் படம்பிடித்து வைப்பதற்கு ஒரு சிறு படகு, கருவி, படத்தை வாசிக்கப் பழகிய சிலர் போதும். எமது கடற்படையிடம் நீரளவைப் பிரிவும் திறமையான சுழியோடிகளும் இருக்கிறார்கள். நாரா நிறுவனமும் துறைமுக அதிகார சபையும் தனித்தனியாகக் கடலை அளக்கின்றன. ஆழம் அளப்பதும் அடியில் கிடக்கும் பொருட்களுக்கு ஒரு இடாப்பு வைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு இவர்கள் ஒரே மேசையில் இருக்க வேண்டும்.

பணம்? 2024 ஜனவரியில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க செங்கடலுக்கு ஒரு கடற்படைக் கப்பலை அனுப்பப்போவதாகவும், இரண்டு வாரத்துக்கு 25 கோடி ரூபா செலவு என்றும் சொன்னார். காஸாவில் பிள்ளைகள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அது யாருக்காக என்ற கேள்வி எங்கள் மத்தியில் பலமாக எழுந்தது. அந்தக் கோபம் நியாயமானது. நாங்கள் கேட்காமல் விட்டது, அந்த இரண்டு வாரச் செலவில் எமது சொந்தத் துறைமுக வாயிலுக்கு என்ன செய்திருக்கலாம் என்பது.

சீன ஆய்வுக் கப்பல் விவகாரத்திலும் இதே கதைதான். 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தபோதும், 2023இல் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தபோதும், பிறகு 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு வருடத் தடை போட்டபோதும், நாடு முழுக்க இந்தியாவா சீனாவா என்றே வாதாடியது. கடலடியைப் பற்றிய அறிவு ஏன் வல்லரசுகளுக்கு அவ்வளவு பெறுமதி என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. நீர்மூழ்கி ஓட்டுபவனுக்கும், கண்ணி போடுபவனுக்கும், கண்ணி தேடுபவனுக்கும் அந்தப் படம்தான் மூலதனம். எமது கடலடியின் படம் எம்மிடம் இருப்பதைவிடத் தெளிவாக வேறு யாரிடமாவது இருந்தால் அதற்காக அவர்களைத் திட்டிப் பயனில்லை.

சட்டத்திலும் ஒரு ஓட்டை. தரைக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வடக்கில் மண்ணைச் சலித்துச் சலித்து எடுத்த நாடு நாம். கடற்கண்ணிக்கு அப்படி ஒரு தடை உலகத்தில் இல்லை. இருப்பது 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. அதன்படி கட்டாமல் மிதக்கவிடும் கண்ணி ஒரு மணித்தியாலத்துக்குள் செயலிழக்க வேண்டும், கட்டிய கண்ணி அறுந்தால் உடனே செயலிழக்க வேண்டும். தொட்டால் வெடிக்கும் கண்ணிக்காக எழுதிய அந்தச் சட்டத்தில், காந்தத்தை உணரும் கண்ணியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. தரைக் கண்ணியால் அடிபட்ட நாடு என்ற தகுதியோடு, கடல் வணிகத்தில் வாழும் தீவு என்ற தேவையோடு, இதை ஐ.நா.வில் எழுப்ப இலங்கையைவிடப் பொருத்தமான நாடு குறைவு.

நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வருகிறது. பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு குழுநிலைக்கு வரும்போது எமது பிரதிநிதிகளில் ஒருவராவது எழுந்து இரண்டு கேள்வி கேட்கட்டும். கொழும்புத் துறைமுகப் பாதையின் அடியைக் கடைசியாக சோனாரால் படம்பிடித்தது எந்த மாதம்? அந்தப் படம் இப்போது யாருடைய அலுமாரியில் இருக்கிறது?

கேள்வி கேட்ட மாணவனிடம் விஜய கப்பலைப் பற்றிப் போன கிழமைதான் சொன்னேன். "அது இப்ப எங்க சேர்?" என்றான். கப்பல் போய் நெடுங்காலம் என்றேன். வாப்பா டிசம்பரில் லீவில் வருகிறாராம்; கடலைப் பற்றிய இந்தக் கதையையெல்லாம் அவருக்குச் சொல்லப் போகிறானாம்.